கத்தி படாமல் பார்த்த இதயம்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு இந்தச் சின்ன சி.டி. மெஷின் வந்து மூன்று மாதமாகிறது. இதுவரை கை பழகுவதற்காகக் கோழிக் கால், ஆட்டு எலும்பு என்று கறிக்கடைக்குத்தான் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்று முதன்முறையாக ஒரு குழந்தை. பதினைந்து வாரத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. என் உள்ளங்கை அளவுதான்.

குழந்தையின் அம்மா பஸ் டிரைவர். "ஏன்னு தெரியணும். ஆனா கத்தி வைக்கக் கூடாது" என்றாள். கூட வந்த மாமியார், "தெரியாம என்ன? நாள் பூரா பஸ்ல குலுங்கினா எப்படித் தங்கும்?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியே வேண்டாம், மெஷின் உள்ளே எல்லாம் காட்டிவிடும் என்றேன்.

"குடுத்த மாதிரியே திருப்பிக் குடுப்பீங்களா?"

"கண்டிப்பா."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

ஜூன் 4

இத்தனை சின்ன உடம்பை அயோடினில் ஊறவைத்தால்தான் இதயம் வேறு, ஈரல் வேறு என்று படத்தில் பிரிந்து தெரியும். ஆனால் தோல் கரும்பழுப்பாகிவிடும். கோழிக் காலுக்கு யார் கவலைப்பட்டார்கள்?

பிரேதப் பரிசோதனை டாக்டரிடம் சொன்னேன். (நாங்கள் வைத்த பெயர் 'கத்தி'.) "வாக்கு வேற குடுத்துட்டியா? சாயம் போகும் போகாதுன்னு கேரண்டி குடுக்க இது என்ன துணிக்கடையா?" என்றார்.

ஜூன் 5

வீட்டுக்காரர் பள்ளியில் வேதியியல் வாத்தியார். சாப்பிடும்போது அவரிடம் புலம்பினேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஹைப்போ கரைசல் ஊத்து. லேப்ல பசங்க தினம் பண்றதுதானே, பழுப்பு சட்டுனு போயிடும்" என்கிறார்! கல்யாணமாகிப் பத்து வருஷம், இன்றைக்குத்தான் இந்த மனுஷனின் அருமை தெரிந்தது. சமைக்க வாங்கிய கோழிக் காலைப் பிடுங்கி அயோடினில் போட்டுவிட்டேன். அவருக்கு இரவு வெறும் ரசச் சோறுதான் மிச்சம்.

ஜூன் 8

கோழி வெளுத்துவிட்டது!

அவளுக்குப் போன் போட்டு நிறத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். "போகும்னு நம்புறீங்களா?" என்றாள். நம்புறேன் என்றேன். "அப்ப செய்யுங்க."

ஜூன் 19, வியாழன்

தெரியுது! தெரியுது! நிலக்கடலை அளவு இதயம் — அதற்குள் அறைகள், வால்வுகள், நூல் போன்ற குழாய்கள். 'கத்தி' கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தனித்தனியாகக் கிளம்ப வேண்டிய இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் ஒரே குழாயாகக் கிளம்பியிருக்கின்றன. அதன் வால்வும் அரைகுறை.

"உருவாகும்போதே ஆன கோளாறு. நான் அறுத்திருந்தா இது என் கையிலயே நசுங்கியிருக்கும்" என்றார். அவர் வாயால் அதைக் கேட்டதும் விசிலே அடித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. செத்த பிள்ளையின் படத்தைப் பார்த்து விசில் அடிக்கிறேனே, நான் என்ன ஜென்மம்?

ஆனா சந்தோஷமா இருக்கே, என்ன பண்ண! அவ பஸ் ஓட்டினதால இல்ல. இல்லவே இல்ல.

ஜூன் 21

ஹைப்போவில் உடம்பு வெளுத்துவிட்டது. காது மடலும் விரலிடுக்கும் இன்னும் பழுப்பு. தோல் வேறு அத்தனை மெல்லிசு. ஐயோ, போயிடு, போயிடேன்.

ஜூன் 23

போயிடுச்சு.

ஜூன் 24, செவ்வாய்

பிள்ளையைக் கொடுத்தேன். அவள் துணியை விலக்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்படியேதான் இருக்கான்" என்றாள். மாமியார் வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

'கத்தி' எல்லாவற்றையும் விளக்கினார். "அடுத்த தடவை சீக்கிரமே இதயத்துக்குத் தனியா ஸ்கேன் பாத்துடலாம்."

"அப்ப... பஸ்ஸு?"

"பஸ்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீ கட்டிலை விட்டு எறங்காம இருந்திருந்தாலும் இதேதான்."

அவள் வாய்விட்டு அழுதாள். நானும்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாமியார் வந்திருந்தார், தனியாக. அவள் வரவில்லையா என்றேன்.

"டூட்டில இருக்கா. திங்கக்கிழமையிலேருந்து திரும்ப வண்டி எடுக்குறா." கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "அந்தப் படம் இருக்காம்மா?"

காட்டினேன். எந்தக் குழாய் என்று கேட்டார். காட்டியதும் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இத்தனூண்டு. இது தெரியாம அவளை என்னென்ன பேசிட்டேன்."

இவ்வளவு தூரம் எப்படி வந்தீர்கள் என்று கேட்டு வைத்தேன்.

"அவ பஸ்லதான்" என்றார்.