பேத்தி பெயருக்குப் பூக்கட்டிப் பார்த்தது

அன்பு மகள் வித்யாவுக்கு, போடியிலிருந்து அம்மா சந்திரவல்லி எழுதுவது. நான் சுகம், மலையில் ஏலச்செடியும் சுகம், உன் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையுமில்லை, உன் மேல் இருந்த கோபம்தான் இறங்காமல் கிடந்தது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

பேத்திக்கு ஃப்ளோரா என்று பெயர் வைத்ததாக நீ சொன்ன நாளிலிருந்து இந்த மனுசன் உன்னோடு பேசவில்லை. செத்துப்போன தன் அம்மா ஜக்கம்மாள் பெயர்தான் என்று சொந்த ஊர் ராசிங்காபுரம் பூராவும் சொல்லிச் சீனி கொடுத்துவிட்டாரே, அந்த வெட்கம். ஃப்ளோரா என்பது ரோமாபுரிக்காரர்கள் கும்பிட்ட பூச்சாமி, அவர்கள் பாஷையில் பூ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர், பயிர் நன்றாகப் பூக்க அவளுக்குத் திருவிழா எடுத்தார்கள் என்று நீ சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். ரோமாபுரிச் சாமிக்கு நம்ம மலையில என்ன சோலி, அவளா வந்து நம்ம செடியப் பூக்க வைக்கிறா என்று கத்தினார். கடைசியில், குலசாமிகிட்டப் பூக்கட்டிப் பாப்போம், வெள்ளை வந்தா அவ வச்ச பேரு, செவப்பு வந்தா எங்க ஆத்தா பேரு, மாத்தலைன்னா சென்மத்துக்கும் பேச மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டார். நீயும் பிடித்த பிடியை விடமாட்டாய்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். ஒரு இலையில் வெள்ளைப் பூவும் ஒரு இலையில் சிவப்புப் பூவும் வைத்துப் பொட்டலம் கட்டுகிற சோலி என்னுடையது. குலசாமி ஆத்தா என்னை மன்னிக்கட்டும், இரண்டு இலையிலும் வெள்ளை அரளியையே வைத்து நூலைச் சுற்றிவிட்டேன். பூசாரி பேச்சிமுத்து ஒன்றை எடுத்துப் பிரித்தார், வெள்ளை. நான் குலவை போட வாயெடுக்கையில் உன் அப்பா குனிந்து மற்றதையும் எடுத்துப் பிரித்துவிட்டார், அதிலும் வெள்ளை. பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பூசாரியிடம், பாத்தீகளா, ஆத்தாவுக்கு ரெட்டிப்புச் சம்மதம் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஸ் ஏறினோம். போடியில் இறங்கும்போதுதான், இந்த வேலையைப் பத்து நாளு முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதாடி, புள்ள குரலைக் கேக்காம சோறே எறங்கல என்றார்.

பேத்தி பூத்துக் காய்த்து நூறாண்டு இருக்கட்டும், மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம். குழந்தைக்குத் தலை நிற்கும்வரை தூக்குகையில் கழுத்தைத் தாங்கிப் பிடி. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னைக் கேட்காதே, அப்பாவைக் கேள். காலையிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சந்திரவல்லி