திங்கட்கிழமையும் அதே தூரம்

அத்தை,

இன்று காலை உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டேன். போன வருஷம் விளையாட்டுக்குப் போட்டுப் பார்த்தபோது குதிகாலுக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. இப்போது இல்லை. போடும் முன் கவிழ்த்துத் தட்டினேன், உள்ளேயிருந்து கொஞ்சம் ஆற்று மணல் தரையில் கொட்டியது. வீட்டைப் பெருக்கிக்கொண்டு வந்த அம்மா அந்த மணலைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஷூ உங்களுக்குக் கிடைத்த கதையை நீங்கள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள். கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைப்பது உங்கள் வேலை. குறை இருக்கிறது என்று கழித்த ஜோடிகளை உங்களுக்கெல்லாம் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். "எங்கியோ ஃபாரின்ல ஒருத்தி போட்டுக்க வேண்டியது. எனக்கோசரம் ஒரு தையல் கோணிக்கிச்சு" என்று சிரிப்பீர்கள். அந்தக் கோணல் தையல் இடது கால் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

நடக்கத் தொடங்கியதே சர்க்கரையால்தான். மாமா போன பிறகு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் அறையில் எனக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்ட வருஷம் அது. கம்பெனியில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "உன் அக்கா உடம்பெல்லாம் சக்கரையாம்டா, எறும்பு வராம பாத்துக்க" என்று அப்பாவிடம் வேடிக்கையாகத்தான் சொன்னீர்கள். அப்பா சிரிக்கவில்லை. அம்மா அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டாள். தீபாவளிப் பலகாரம் அரிசி டிரம்முக்குள் போனது. பிஸ்கட் பொட்டலம் பீரோ மேல் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி நின்றது. ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியை மறக்க வேண்டுமென்றால் மூக்கைக் கழற்றித்தான் வைக்க வேண்டும். நாங்கள் முயன்று பார்த்தோம்.

நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளி நூலகத்தில் உடல்நலத்தைப் பற்றி இருந்த புத்தகங்களையெல்லாம் எடுத்து வந்து, நீங்கள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து எதில் எத்தனை கலோரி என்று படித்துக் காட்டினேன். ஒரு நாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டீர்கள்: "இன்னா டீச்சரம்மா, இந்த இட்லி பாஸா, ஃபெயிலா?" அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

நடைக்கு மட்டும் யாரும் உங்களைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விடிவதற்கு முன்பே என் போர்வையை இழுத்து, "எழுந்திரு தோஸ்த்" என்பீர்கள். தெருவைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, காய்ந்து கிடக்கும் பாலாற்றுக்குள் இறங்கி, பாலத்துக்கு அடியில் வெள்ளையடித்த தூண் வரை நடப்போம். தூணை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவோம். நான் வழியெல்லாம் படித்ததைச் சொல்லிக்கொண்டு வருவேன். நீங்கள் எதிரே வருகிறவர்களைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பீர்கள்.

இவ்வளவும் செய்தும் அடுத்த பரிசோதனையில் சர்க்கரை கூடியிருந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். உங்களை முந்திக்கொண்டு அம்மா சொன்னாள், ஒன்றுமே கொடுப்பதில்லை, இனிப்பைக் கண்ணில்கூடக் காட்டுவதில்லை என்று. அம்மா குரலில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. நீங்கள் மடியிலிருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"அவ ஒண்ணும் குடுக்கறதில்ல மேடம். நான்தான் எடுத்துக்கறேன். டிரம்முல கை வுட்டு ஒரு துண்டு. கம்பெனியில டீ குடிக்கச் சொல்ல யாராச்சும் நீட்டற பிஸ்கட்டு. யாரும் இல்லன்னா ஒரு சிட்டிகை சக்கரை. தட்டுல போட்டுக்கினு தின்னா எவ்ளோ தின்னேன்னு கண்ணுக்குத் தெரியும். கதவு பின்னாடி நின்னு தின்னா வாய்க்கே தெரியல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். என் மடியில் நூலகப் புத்தகம் இருந்தது. அதில் எந்தப் பக்கத்திலும் அந்தக் கதவு இல்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. மாத்திரையை விடக்கூடாது, நடையை விடக்கூடாது, மற்ற நாட்களில் சொன்னபடி சாப்பிட வேண்டும் என்றார். வாரத்தில் ஒரு வேளை ஆசைப்பட்டதை அளவாக, எல்லார் எதிரிலும் உட்கார்ந்து சாப்பிடட்டும், எப்படிப் போகிறதென்று பரிசோதனையில் பார்க்கலாம் என்றார். பிறகு அம்மாவிடம் தனியாக, ஒளித்து வைப்பதை நிறுத்தச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த பிஸ்கட்டை எடுத்து, எல்லார் கைக்கும் எட்டும் அலமாரியில் வைத்தாள். அது அங்கேயே நமுத்துப் போனது. யாரும் தொடவில்லை.

அப்புறம் நம் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. பாய் பிரியாணிக் கடையில் முதல் தேக்சாவின் மூடி திறக்கும் நேரத்துக்குப் போய், உள்ளே குடும்பங்கள் உட்காரும் பக்கத்தில் ஆளுக்கொரு அரை பிரியாணி வாங்குவோம். பார்சல் கட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். செல்போன் பைக்குள் போய்விடும். கத்திரிக்காயையும் வெங்காயப் பச்சடியையும் நிறையக் கேட்டு வாங்கி, அதில் பாதியைத் தின்ற பிறகுதான் சோற்றில் கை வைப்பீர்கள். அவசரமே இருக்காது. முதல் வாரம் நான் பழக்க தோஷத்தில் எண்ணெயைப் பற்றி ஏதோ தொடங்கினேன். "பிரியாணி சாப்புடச் சொல்ல டாக்டரைப் பத்திப் பேசாத. டாக்டர்கிட்ட போகச் சொல்ல பிரியாணியப் பத்திப் பேசலாம்" என்றீர்கள்.

ஆனால் எனக்கு உறுத்தல் போகவில்லை. மறுநாள் காலை தூணைத் தட்டியதும், இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் அத்தை, நேற்றுத் தின்றது கரையட்டும் என்றேன். நீங்கள் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

"நேத்து இன்னா தப்புப் பண்ணோம், இன்னிக்கி அபராதம் கட்ட? கால் நல்லாருக்குதுன்னு நடக்கறோம். திங்கக்கெழமையும் அதே தூரம்தான், வா."

அதற்கடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. அதற்கடுத்ததிலும் ஏறவில்லை. அடுத்த கோடை விடுமுறையில் ஏலகிரிக்குப் போய், பஸ்ஸில் ஏறாமல் நடந்தே மலை ஏற வேண்டும் என்று நாம் பேசி வைத்திருந்தோம்.

மழைக் காலத்தில் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பிறகு வேலூருக்குக் கொண்டு போனோம். நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். உங்களை நான் கடைசியாகப் பார்த்தபோது மூச்சுக்கு முகமூடி போட்டிருந்தீர்கள். என் கையை எடுத்து, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினீர்கள், தூணைத் தட்டுவது போல.

சாவுக்கு அரக்கோணத்திலிருந்து வந்த உறவுக்காரம்மா ஒருவர், வாசலில் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "வாயக் கட்டியிருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பா. சக்கரைய வெச்சிக்கினு வாரா வாரம் பிரியாணி." அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். வாராவாரம் கூடப் போனவள் நான். போகட்டும் என்று விட்டவள் அம்மா.

காரியம் முடிந்து வீட்டில் மீண்டும் கறி சமைத்தார்கள். பிரியாணி மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாய் கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். நடையையும் விட்டுவிட்டேன். இனிப்பே வேண்டாம் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பள்ளியில் பிறந்தநாள் சாக்லேட் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவளுக்குத் தள்ளிவிடுவேன். எல்லாரும் நல்ல பிள்ளை என்றார்கள்.

பத்து நாளைக்கு முன் அப்பாவோடு வேலை செய்கிறவர், தனக்குப் பேத்தி பிறந்ததென்று ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். அம்மா அதை வாங்கிய கையோடு பீரோ மேல் வைத்துவிட்டாள். யாரிடமிருந்து ஒளிக்கிறோம் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஒன்றுதான் என்று எடுத்தேன். அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்று, கடிக்கக்கூட நேரம் கொடுக்காமல் விழுங்கினேன். மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால், நான் எடுத்ததைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. எலியா என்று யோசித்தபடி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனேன். அங்கே அம்மா நின்றிருந்தாள். அவள் கன்னம் உப்பியிருந்தது.

இரண்டு பேராலும் பேச முடியவில்லை, வாய் நிறைய இருந்ததால். முதலில் அம்மாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் அது சிரிப்பாக இல்லை. புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க அத்தைக்கு சக்கரை நல்லாத்தான் இருந்துச்சுன்னு வேலூர் டாக்டரு சொன்னாருடி. இது காய்ச்சலாலதான்னு அப்பா கிட்ட சொன்னாரு. நானும் பக்கத்துல நின்னு கேட்டேன். அரக்கோணத்தம்மா பேசினது மட்டும்தான் காதுல நின்னுக்கிச்சு."

அம்மா டப்பாவை எடுத்துவந்து கூடத்தில் வைத்தாள். இரண்டு தட்டு எடுத்தாள். தட்டில் ஒன்று வைத்து, உட்கார்ந்து தின்றோம். உள்ளே முந்திரியும் திராட்சையும் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் நானும் பாய் கடைக்குப் போனோம். பாய் எங்களைப் பார்த்ததும் உள்ளே போனார். எங்கள் மேசைக்கு இரண்டு கிண்ணம் கத்திரிக்காய் கொண்டுவந்து வைத்தார். "அக்கா இருந்தா இதுவும் கம்மின்னுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா பையைத் திறந்து செல்போனை உள்ளே போட்டாள். நாங்கள் மெதுவாகச் சாப்பிட்டோம்.

இன்று காலை என்னை எழுப்ப யாரும் இல்லை, நானே எழுந்தேன். ரயில்வே கேட்டில் சரக்கு வண்டிக்காக நின்றேன். ஆற்றுக்குள் இறங்கியதும் கால் தானாகப் பழைய தடத்துக்குப் போனது. தூணில் வெள்ளை கொஞ்சம் உரிந்திருக்கிறது. தட்டினேன். நேற்றுத் தின்றது நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போகலாமா என்று கால் ஒரு கணம் கேட்டது.

நான் திரும்பி நடந்தேன், அத்தை.