பயம் என்றுதான் எழுதுவேன்

திருப்பதி, செவ்வாய்க்கிழமை இரவு

என் ஆய்வின் கேள்வி ஒன்றுதான். மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் நர்ஸுகளே எழுதித் தெரிவிக்கலாம் என்று சித்தூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்த ஏற்பாடு ஏன் நின்றுபோனது? முதலில் எழுதிக் கொடுத்த நர்ஸை எல்லார் எதிரிலும் திட்டி, வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பிறகு யாரும் எழுதவில்லை. காரணம் பயம் என்று எழுதியிருந்தேன்.

இன்று கைடு சார் அதை அடித்துவிட்டு, பயிற்சி போதவில்லை என்று போடச் சொன்னார்.

"ட்ரெய்னிங் எல்லாருக்குமே குடுத்தாங்க சார்."

"ஆஸ்பத்திரிக்காரங்க பர்மிஷன் குடுத்ததாலதாம்மா உன் பிஎச்டியே நடக்குது."

"மாத்த மாட்டேன் சார்."

"அப்ப வேற கைடு பாத்துக்க."

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த நர்ஸ் அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"உங்க பேரு வராதுக்கா. ஆனா அங்க இருக்கறவங்களுக்கு யாருன்னு தெரிஞ்சிடும். வேணாம்னா எடுத்துடறேன்."

"தெரிஞ்சா தெரியட்டும், எழுது. இத்தினி நாளா என் மேலதான் தப்புன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

இத்தனை வருஷப் படிப்பு என்ன ஆகும் என்று வீட்டில் நைனா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. காலையில் துறைத் தலைவரிடம் வேறு கைடு கேட்கப்போகிறேன். முடியாது என்றால் மறுநாளும் போய் நிற்பேன்.