புதுக் கைப்பிடி, பழைய சாவி

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கப்பல் சலவை அறையில் உன் கை இன்னும் வெடிக்கிறதா? உன் கடிதத்தில் அதைப் படித்ததிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சே இல்லை. வேலை முடிந்ததும் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னாள். மறந்துவிடாதே.

இதை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். தையல் கடையில் மதிய இடைவேளை இது. வாசலில் நிழல் விழுந்தாலே அப்பாவோ என்று தாளைத் துணிக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். அவர் இந்தத் தெருப் பக்கமே வருவதில்லை. தெரிந்தும் மனசு ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது.

வாசல் கதவின் கைப்பிடியை மாற்றியாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பா பேச்சை மீறி நீ கப்பல் வேலைக்குப் போன அன்று, சான்றிதழ்ப் பையை எடுக்கத் திரும்பி வந்தாய் அல்லவா? நீ வெளியே நின்று கைப்பிடியைக் கீழே அழுத்தினாய். அப்பா உள்ளே நின்று அதையே மேலே தூக்கிப் பிடித்திருந்தார். இரண்டு பேரும் விடவில்லை. திடீரென்று உள்ளே 'டக்' என்றது. நான் ஜன்னல் வழியாகப் பையைக் கொடுத்தேன், நீ போய்விட்டாய். உனக்குத் தெரியாதது இதுதான்: அன்றைக்குக் கைப்பிடிக்குள் இருந்த ஸ்பிரிங் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு அது நேராக நிற்கவே இல்லை. உள்ளேயும் வெளியேயும் தொங்கிப் போய்விட்டது. அம்மா அதைப் பார்த்து, "உங்க பெரியப்பா சாப்பிட்டுட்டு நாற்காலியில தூங்குற மாதிரியே இருக்குடி" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை.

நம் யுபிவிசி பிளாஸ்டிக் கதவுதான் உனக்குத் தெரியுமே. கைப்பிடியை மேலே தூக்கினால்தான் கொக்கிகள் மாட்டும், அப்புறம்தான் சாவி திரும்பும். ஏழு மாதமாக அப்பா இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிப் பூட்டினார். பூட்டிவிட்டுச் சாவியை உள்பக்கம் பூட்டிலேயே விட்டுவிடுவார். அப்படி விட்டால் வெளியிலிருந்து எந்தச் சாவியைப் போட்டாலும் கதவு திறக்காது.

பத்து நாள் லீவில் இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருந்தாய். வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் கேட்கவில்லை. அம்மா கடிதத்தைச் சத்தமாகவே படித்தாள். அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தையே தேய்த்துவிட்டு, கடைசியில், "அந்தக் கைப்பிடிய மாத்தணும். கார்பென்டர வரச் சொல்லு. அப்படியே பூட்டையும் மாத்திடட்டும். வெளியில இருக்கிற சாவி எதுவும் இனிமே இந்தக் கதவுக்குச் சேரக் கூடாது" என்றார்.

வெளியில் இருப்பது ஒரே ஒரு சாவி.

கார்பென்டர் வந்தால் சொன்னதைச் செய்துவிட்டுப் போய்விடுவார். அதனால் "நானே மாத்துறேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா வாயைப் பிளந்தாள். "யாரு, நீயா? கடைக்காரன் உப்புக்குப் பதிலா சர்க்கரையக் குடுத்தாலும் வாயத் திறக்காம வாங்கிட்டு வர்றவளாச்சே!" என்றாள். உண்மைதான். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல்தானே பள்ளிக்கூடத்தையே விட்டேன். ஆனால் அளவெடுக்க எனக்குத் தெரியும். மேல் ஸ்குரூவுக்கும் கீழ் ஸ்குரூவுக்கும் நடுவில் எவ்வளவு, கைப்பிடிக்கும் சாவித் துளைக்கும் எவ்வளவு என்று தையல் டேப்பை வைத்து அளந்து, சீட்டில் எழுதி ஹார்டுவேர் கடையில் நீட்டினேன். அப்படிச் செய்தால் பேச வேண்டாம் அல்லவா? கடைக்காரர், "இந்த அளவுல வராதே" என்று தலையைச் சொறிந்துவிட்டு, எங்கோ மூலையிலிருந்து ஒரு பழைய கைப்பிடியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். சீட்டில் கேட்டிருந்த பூட்டையும் கூடவே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் ஒரு துளையும் சேரவில்லை. மறுபடி அளந்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். தையல் கடைப் பழக்கத்தில் எல்லா அளவிலும் தையலுக்கென்று அரை அங்குலம் சேர்த்து எழுதியிருக்கிறேன்!

திரும்பிப் போய் வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டியிருந்தது. "ஏம்மா, கதவத் துவைச்சா சுருங்கிடும்னு பயந்துட்டியா?" என்று அவர் கேட்டதும் கடையே சிரித்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் ஓடி வந்துவிடவில்லை அக்கா. சரியான கைப்பிடி கைக்கு வந்த பிறகும் நின்றேன். "கைப்பிடிய மட்டும் மாத்தினா பழைய சாவி சேருமாண்ணே?" என்று கேட்டேன். "கைப்பிடி வேற, பூட்டு வேற தங்கச்சி. கதவு ஓரத்துல பூட்டப் பிடிச்சிருக்கிற ஸ்குரூ ஒண்ணு இருக்கும். அதத் தொடாத வரைக்கும் பழைய சாவிதான்" என்றார். கதவை மூடிவிட்டுச் சோதித்தால் சிக்கிக்கொள்ளும், திறந்து வைத்தே தூக்கிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

கதவைத் திறந்து வைத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். ஸ்குரூ டிரைவர் இரண்டு தடவை வழுக்கியது. ஓரத்து ஸ்குரூவை நான் தொடவே இல்லை. புதுப் பூட்டு டப்பாவோடு என் நூல் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது.

சாயங்காலம் அப்பா வந்து கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். அது தானாக மேலே வந்து நேராக நின்றது. "புதுச் சாவி எங்க?" என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை, உண்மையும் வரவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பழைய சாவியை எடுத்துப் பூட்டில் போட்டுத் திருப்பினார். திரும்பியது. இன்னொரு தடவையும் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கை கழுவப் போய்விட்டார்.

நான்கு நாள் ஆகிறது. இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் இருமினால்கூட இதோ கேட்கப் போகிறார் என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கார்பென்டரை வரச் சொல்லியிருக்கிறாரோ என்று தினமும் வேலை விட்டு ஓடிப் போய் முதலில் பூட்டைத்தான் பார்க்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இந்த நான்கு நாளும் பூட்டியதும் சாவியை வெளியே எடுத்து, காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியில் மாட்டிவிடுகிறார். இப்போது வெளியிலிருந்து உன் சாவியைப் போட்டால் திறக்கும்.

அக்கா, நீ வரும்போது மணி அடிக்காதே. அடித்தால் யார் போய்த் திறப்பது என்ற கேள்வி வந்துவிடும். தானே எழுந்து வந்து திறக்க அப்பாவின் ரோஷம் விடாது. உன் சாவியைப் போட்டுத் திருப்பு. கைப்பிடியை மெதுவாகக் கீழே அழுத்து. நீ அழுத்தும்போது உள்ளே இருக்கும் கைப்பிடியும் கூடவே இறங்கும். அப்பா எதிர் நாற்காலியில்தான் இருப்பார், பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தடவை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். சாவியைத் தொலைத்துவிடாமல் வா.

இப்படிக்கு,
உன் ஊமைக்கோட்டான்