சுவருக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

பிப்ரவரி 26, வியாழன்

மாதுளை பூத்துவிட்டது.

சுவரோரம் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கிழிந்த துணி காற்றில் வந்து மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். கிட்டே போய் விரலால் தொட்டேன். பூ. மெழுகு மாதிரி வழவழவென்று இருந்தது. இந்தக் கண்ணுக்கு இப்போதெல்லாம் விரல்தான் சாட்சி.

எல்லாம் பால் கலந்த தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி இருக்கிறது. தக்காளிச் செடி மிதக்கிறது. கொடியில் காய்கிற சேலை மிதக்கிறது. எழுத்தும் மிதக்கிறது, அதனால்தான் இவ்வளவு பெரிதாக எழுதுகிறேன்.

மார்ச் 3, செவ்வாய்

கண் டாக்டரிடம் மகள் கூட்டிப்போனாள். "பெரியம்மா, இன்னும் தள்ளிப்போட்டா புரை இறுகிப்போயிடும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்றார். அறுத்த பிறகு குனியக்கூடாதாம், வாளி தூக்கக்கூடாதாம், மகள் வீட்டில் இருந்து மருந்து விட்டுக்கொள்ள வேண்டுமாம்.

வெயில் ஏறுகிற மாதம். கன்னி மாதுளை. தண்ணீர் தப்பினால் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். யார் ஊற்றுவது?

"பக்கத்துல சித்தி இருக்காங்கல்ல, சொன்னா ஊத்த மாட்டாங்களா?" என்றாள் மகள்.

கண்ணே போனாலும் கேட்க மாட்டேன் என்றேன். 

மார்ச் 4, புதன்

தூக்கம் வரவில்லை, அதனால் இதை எழுதி வைக்கிறேன். மறந்துவிடுவேன் என்று இல்லை. நான் எதை மறந்தேன்?

வீட்டைப் பிரித்தபோது அண்ணன் தம்பி இரண்டு பேரும் சட்டிபானையைக்கூடச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். சுவர் எழுப்பக் கயிறு பிடித்தால் நடுவில் மாதுளை மரம். சுவரைக் கொஞ்சம் வளைக்கலாம் என்றேன். "வளைஞ்ச சுவரு யாரு வீட்டுல இருக்கு?" என்று கேட்டாள் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. மறுநாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் மரம் தரையில் கிடந்தது. அவள் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊதாச் சேலை, முந்தானையில் மஞ்சள் கறை. கண்ணில் தண்ணீர். அது வெங்காயத்தாலா, வேறு எதனாலா, இன்றுவரை தெரியாது.

"மரம் குறுக்கே நிக்கலடி, நீதான் நிக்கறே" என்றேன்.

"இனிமே உங்க வாசப்படிய மிதிச்சா என்னை என்னன்னு கேளுங்க" என்றாள்.

மிதிக்கவில்லை. என் வீட்டுக்காரர் போன அன்றுகூட சுவருக்கு அந்தப் பக்கம் நின்றேதான் அழுதாள். தெருவே கேட்கிற மாதிரி அழுதாள், வாசலுக்கு வரவில்லை. அதையும் மறக்கவில்லை.

வெட்டின மரத்தின் வேர் என் பக்கம் ஓடியிருந்தது மட்டும் அவளுக்குத் தெரியாது. எத்தனையோ வருஷம் மண்ணுக்குள் கிடந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முந்தின மழைக்குச் சுவரோரம் முளைத்தது. இந்த வருஷம்தான் முதல் பூ. இதை நான் அவள் கையில் ஒப்படைப்பேனா?

மார்ச் 8, ஞாயிறு

மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்தார். "அத்தை, உங்க தோட்டத்துக்கு ஆள் வெச்சாச்சு. சம்பளம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், எதிர்த்துப் பேசாது."

"உங்களை மாதிரியா?" என்றேன். மகள் சிரித்தாள்.

டைமர் என்று ஒரு டப்பா. அதைக் குழாய் வாயில் திருகிவிட்டார். அதிலிருந்து ஒரு கறுப்பு ஹோஸ், தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாவற்றின் காலடியிலும் வளைந்து வளைந்து மாதுளை வரைக்கும் போகிறது. கடைசியில் ஒரு மூடி. அந்த ஹோஸில் ஓட்டை என்று தனியாக ஒன்றும் இல்லை, உடம்பெல்லாம் கசியுமாம். சொன்ன நேரத்துக்கு டப்பா திறக்கும், சொன்ன நேரத்துக்கு மூடும்.

"குழாய்க்குப் பக்கத்துல நிறையக் கசியும் அத்தை, கடைசியில கொஞ்சம்தான். மண்ணைத் தொட்டுப் பாருங்க."

கடைசியில் இருப்பது என் மாதுளை. எங்கே போனாலும் வாலில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம்தான். சரி, அந்தக் கொஞ்சமாவது கிடைக்கட்டும்.

விடியலில் ஐந்து மணிக்கு வைக்கச் சொன்னேன். தெருவிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே பைப். நான் திறந்தால் அவளுக்கு நூலாக வரும். அதனால் நான் விடியலில் ஊற்றுவேன், அவள் சாயங்காலம். யாரும் பேசி வைத்ததில்லை. அப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

விடியலில் காப்பியோடு படியில் காத்திருந்தேன். டப்பா வாய் திறக்கவில்லை. ஊமை வேலைக்காரன்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு மெதுவாக, யாரோ மூச்சு விடுகிற மாதிரி. போய்ப் பார்த்தால் ஹோஸ் வியர்த்திருக்கிறது! மண்ணில் மை தீட்டினது போலக் கறுப்பாக ஒரு கோடு, வளைந்து வளைந்து அகலமாகிக்கொண்டே போகிறது. எனக்கு வேலை எதுவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் இருமியது. அவள் வாளி வைத்திருக்கிறாள்.

"ஏ காக்கா, ஊர்த் தண்ணியெல்லாம் நீயே உறிஞ்சிட்டா மத்தவங்க எங்க போவாங்க? வயசானா புத்தி வரும்னு சொன்னாங்க, உனக்கு மூக்குதான் நீளுது."

அங்கே காக்கா எதுவும் இல்லை. எங்களுக்குள் பேச்சு இல்லையே தவிர ஜாடை ஒருநாளும் நின்றதில்லை. நானும் செடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "குடிம்மா, நல்லாக் குடி. கண்ணு வைக்கிறவங்க வெச்சிட்டுப் போகட்டும்."

மார்ச் 10, செவ்வாய்

மாப்பிள்ளை போனில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த டப்பாவில் காலைக்கு ஒரு எழுத்து, மாலைக்கு ஒரு எழுத்தாம். மாற்றிப் போட்டுவிட்டாராம். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொன்னார்.

இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலமே இருக்கட்டும். அவள் வாளி நிறைய நேரமாகும். ஆகட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

நாளை ஊசி, கத்தி எல்லாம். இன்று டப்பா திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஹோஸ் மேலேயே நடந்தேன். கண்ணுக்கு வழி தெரியவில்லை, காலுக்குத் தெரிந்தது. குளிர்ந்த பாம்பு ஒன்று தூங்குகிறது, அதன் முதுகில் நான் போகிறேன். தக்காளி வாசனை, ஈரமண் வாசனை, பிறகு காரமாக மிளகாய்ச் செடி. வெளிச்சம் எங்கே முடிகிறது, செடி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நானும் எங்கேயோ கரைந்து போய்விட்டேன்.

கால் முடிந்த இடத்தில் மாதுளை. போய் வருகிறேன் என்று சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாளிச் சத்தம் நின்றிருந்தது. ஒட்டுக் கேட்டிருப்பாள்.

மார்ச் 18, புதன்

எழுதக்கூடாதாம். எழுதுகிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

மகள் வீட்டுச் சுவர் நீலமாம்! இத்தனை நாள் சாம்பல் நிறம் என்றல்லவா நினைத்தேன். மகளுக்கு நரை வந்திருக்கிறது. அதைச் சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி



சாயங்காலம் டிவியை மாற்றலாம் என்று மகள் ரிமோட்டை எடுத்தாள். வேலை செய்யவில்லை. திறந்தால் உள்ளே பேட்டரியே இல்லை. மாப்பிள்ளை மெதுவாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

"எங்கே போச்சு?" என்றாள் மகள்.

"அது... அத்தை தோட்டத்துல..."

"ரிமோட் பேட்டரியையா டைமர்ல போட்டீங்க? அது பழசுங்க! அழுத்தி அழுத்தித்தானே வேலை செஞ்சது!"

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கடை இல்ல."

அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன். டப்பா செத்திருக்கும். எப்போது செத்ததோ. எனக்கு இப்போதே வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். டாக்டர் சொல்கிற வரைக்கும் பஸ்ஸும் கூடாது, வண்டியும் கூடாது, குலுங்கக்கூடாது என்றாள். மாப்பிள்ளைக்கு வேலை வெளியூரில், நாளையே கிளம்புகிறார்.

"சித்திக்கு ஒரு போன் போடறேம்மா. ஒரே ஒரு போன்."

போட்டால் நான் நடந்தே கிளம்பிவிடுவேன் என்றேன்.

மார்ச் 28, சனி

அவளிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கனவு. பூவெல்லாம் தரையில் கிடக்கிறது. நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கிளையில் ஒட்டுகிறேன். ஒட்டமாட்டேன் என்கிறது. சுவர் மேல் உட்கார்ந்து யாரோ வெங்காயம் நறுக்குகிறார்கள்.

இந்த ரோஷம் எனக்கு எதற்கு? யாருக்காக இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? விட்டால் என்ன மிஞ்சும்?

ஏப்ரல் 12, ஞாயிறு

வீட்டுக்கு வந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு நேரே தோட்டத்துக்குப் போனேன். பெட்டியைக்கூட வைக்கவில்லை.

டப்பாவில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. செத்தேதான் கிடந்தது. ஆனால் மண் ஈரம்!

முதலில் ஒன்றும் புரியவில்லை. இந்தப் புதுக் கண்ணால் பார்க்கப் பார்க்க எல்லாம் கூர்மையாக இருந்தது, அதுவே கனவு மாதிரி இருந்தது. குழாய்க்குப் பக்கத்துத் தக்காளி, எப்போதும் தளதளவென்று நிற்பது, இலை சுருண்டு நிற்கிறது. வால் பக்கத்து மிளகாய், எப்போதும் சவலைப் பிள்ளை, கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கிறது. மாதுளையில் பூ போய்ப் பிஞ்சு. தலைகீழாக இருக்கிறது தோட்டம்.

தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.

குனியக்கூடாதே. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலாலேயே ஹோஸைத் தடவிக்கொண்டு போனேன். மாதுளைக்குக் கீழே மூடி தனியாகக் கிடந்தது. ஹோஸின் வால் அங்கே இல்லை. சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போக ஒரு துவாரம் உண்டு. அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது.

துவாரத்தில் கையை விட்டு வாலை இழுத்து, தன் குழாயில் மாட்டித் தண்ணீர் விட்டிருக்கிறாள். என் வாசப்படியை மிதிக்கவில்லை! சொன்ன சொல்லையும் காப்பாற்றினாள், என் மரத்தையும் காப்பாற்றினாள்.

டப்பா நின்றது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று படியில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலத்தில் அவள் குழாயில் திடீரென்று தண்ணீர் கொட்டியிருக்கும். என் பக்கம் நின்றுவிட்டது என்று வாளி சொல்லியிருக்கும். விடியலுக்கு மாற்றியிருந்தால் தெரிந்தே இருக்காது.

ஏப்ரல் 13, திங்கள்

"ஒரு நன்றி சொல்லிடும்மா" என்கிறாள் மகள் போனில். மாட்டேன். தண்ணீர் வேறு, மன்னிப்பு வேறு.

ஆனாலும் சாயங்காலம் ஹோஸ் வியர்க்கத் தொடங்கியதும் மாதுளையைப் பார்த்துக் கேட்டேன்: "ஏய், யார் குடுத்தாலும் குடிச்சிடுவியா? உனக்கு ரோஷமே கிடையாதா?"

 பிறகு அந்தப் பக்கத்திலிருந்து: "ஏ காக்கா, தாகத்துக்கு ஏது ரோஷம்?"

ஏப்ரல் 16, வியாழன்

மாப்பிள்ளை புது பேட்டரி அனுப்பியிருக்கிறார். மேசை மேல் இருக்கிறது. போடவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

சாயங்காலம் தண்ணீர் வரவில்லை. காலால் தொட்டுப் பார்த்தேன், ஹோஸ் காய்ந்து கிடக்கிறது. வாளிச் சத்தம் இல்லை. காக்காயைத் திட்டுகிற சத்தமும் இல்லை. வெளிச்சம் சுவரில் மஞ்சளாகி, சிவப்பாகி, போய்க்கொண்டே இருந்தது.

செடியைப் பார்த்துப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஏண்டி, தண்ணி விடலயா?"

"இடுப்பு புடிச்சிக்கிச்சுக்கா. எழுந்திருக்க முடியல."

அக்கா என்றாள்.

வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றது அவள்தானே. நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே! தைலத்தை எடுத்துக்கொண்டு போனேன். கதவு தாழ் போடாமல்தான் இருந்தது. தேய்க்கத் தேய்க்க, "அழுத்தாதீங்க, பழைய கோபத்தை எல்லாம் என் முதுகுல காட்டறீங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

பிறகு அவள் தோட்டத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். சுவரை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. துவாரத்துக்குள் ஹோஸ் மூச்சு விடத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். என் மாதுளையில் பெரிய காய் எங்கே என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். அது சுவரைத் தாண்டி, அவள் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பறித்துக்கொள் என்று சொல்லவில்லை. பறிக்காதே என்றும் சொல்லவில்லை.