மணி அடித்தால் நோய் தீரும்

ஆகஸ்ட் 4, திங்கள்

இயற்பியல் சார் உட்கார்ந்தார். நாற்காலி ‘கீச்’ என்றது. எழுந்தார். மறுபடியும் ‘கீச்’. குஷனுக்கு அடியில் இருந்த பொம்மை வாத்து என்னுடையது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. “ஒவ்வொரு வினைக்கும் எதிர்வினை உண்டு சார்” என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும். வகுப்புக்கு வெளியே நின்றேன்.

பள்ளிக்கூட பஸ் வழக்கம்போல அம்மாவின் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டது. அம்மா வேலை முடிகிறவரை நானும் அங்கேதான், நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில். முன்னாள் ராணுவக்காரர்களுக்கான ஆஸ்பத்திரி. சளி, சர்க்கரை, முட்டிவலி, தூக்கமில்லாமை எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்கிற டாக்டர் அம்மா. அங்கே கூட்டம் சேர்வதற்குக் காரணமும் அம்மாதான். அம்மா மெதுவாகப் பார்ப்பாள்.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “பட்டாளத்து ஆளுங்க உள்ள வந்ததும் ‘எல்லாம் ஓகே டாக்டர்’ம்பாங்க. கடைசி வரைக்கும் ஓகேதான். எழுந்து போயி கதவைத் திறக்கறப்பதான், முதுகைக் காட்டிக்கிட்டு, ‘அப்புறம் ஒரு சின்ன விஷயம்’பாங்க. அந்தச் சின்ன விஷயத்துக்குத்தான் வந்திருப்பாங்க. கையில கைப்பிடி வந்தாதான் வாயில வார்த்தை வரும்டீ.”

அப்பா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: “உங்கம்மா ஒரு கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் நகர மாட்டா. அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆச்சு.”

புது மேலாளர் வந்திருக்கிறார். ஆளுக்குப் பத்து நிமிடம்தானாம். நேரத்துக்கே பாஸ் மாதிரி நடக்கிறார். டைம்பாஸ் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டைம்பாஸ் மணி வாங்கிவிட்டார்.

வீட்டு வாசலில் மாட்டுகிற காலிங் பெல்தான். மூன்று டாக்டர் அறைகளுக்கும் நடுவில், சுவரில். அழுத்துகிற பட்டன் அவர் மேஜையில். மணி அடித்தால் உள்ளே இருக்கிறவர் வெளியே, அடுத்தவர் உள்ளே. நோய்க்கு பீரியட்!

முதல் மணி அடித்ததும் என்ன நடந்தது என்று எழுதவே கடுப்பாக இருக்கிறது. ஹாலில் உட்கார்ந்திருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஊன்றுகோல் வைத்திருந்தவர், கட்டுப்போட்ட காலோடு இருந்தவர், தூங்கிக்கொண்டிருந்தவர் — எல்லாரும். அடுத்து யார் என்று யாரும் கூப்பிடக்கூட இல்லை. மணி, அவ்வளவுதான். விறைப்பாக நின்றார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அசடு வழிய உட்கார்ந்தார்கள்.

பக்கத்தில் ரேடியோ பெரியப்பா. ராணுவத்தில் வயர்லெஸ்ஸில் இருந்தவர், அதனால் அந்தப் பெயர். “என்ன பெரியப்பா இது?” என்றேன்.

“பழக்கம்மா. மணிச் சத்தம் மூளைக்குப் போறதுக்கு முன்னாடி முட்டிக்குப் போயிரும்.”

டைம்பாஸ் சிரித்தார். “பாத்தீங்களா, என்ன ஒழுங்கு!”

அது ஒழுங்கா? எழுபது வயசு முட்டியை ஒரு பட்டன்ல ஆட்டி வெக்கிறது ஒழுங்கா?

ஆகஸ்ட் 6, புதன்

மணி அடிச்சா சோறு — கேள்விப்பட்டிருக்கிறேன். மணி அடிச்சா நோய் தீரும்கிறதை இங்கேதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

லாரி மாமா வந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். இங்கே என் ஒரே போட்டியாளர். போன மாதம் என் பென்சில் பாக்ஸில் ரப்பர் பல்லியை வைத்தவர் அவர்தான்.

“என்ன வாலு, இன்னிக்கு யார் தலையில மிளகாய் அரைச்ச?”

“உங்களுக்காகத்தான் மாமா காத்துக்கிட்டிருந்தேன். தலையில முடிதான் இல்ல, அரைக்க நல்லா வழுவழுன்னு இருக்கும்.”

வழக்கமாக இதற்குக் குறைந்தது மூன்று பதில் வைத்திருப்பார். இன்று தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

உள்ளே போனார். கதவு முழுசாக மூடவில்லை, இடுக்கில் தெரிந்தது. பிரஷர் பார்த்தாள் அம்மா. தலையை ஆட்டினார், ஆட்டினார். எழுந்தார். கைப்பிடியில் கை வைத்தார். நின்றார். அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ட்ரிங்ங்ங்.

லாரி மாமா கதவைத் திறந்துகொண்டு நேராக வெளியே வந்துவிட்டார். “உக்காருங்க, பரவால்ல, உக்காருங்க” என்று அம்மா பின்னாலேயே வருவதற்குள் அடுத்தவர் உள்ளே நுழைந்துவிட்டார். டைம்பாஸ் வேறு நடுவில் வந்து, “டாக்டர், ப்ளீஸ்” என்று கடிகாரத்தைக் காட்டினார்.

“ஏதோ சொல்ல வந்தீங்களே மாமா?”

“நானா? ஒண்ணுமில்லையே.”

ஒண்ணுமில்லாததுக்கா மனுஷன் முகம் அப்படி ஆகும்?

இரவு சாப்பிடும் முன் அம்மா அவருக்குப் போன் செய்தாள். இந்தப் பக்கம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. “நிஜமாவா? ... நிஜமாவே ஓகேவா? ... சரி, அடுத்த வாரம் ஒருதடவை வாங்க. சும்மா வாங்க.” போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள். இங்கே பூனையே எல்லாருக்கும் மணி கட்டிவிட்டது. அதை அவிழ்க்க எலி தேவை. எலி ரெடி.

அந்த பெல்லுக்குப் பின்னால் ஒரு குட்டி பட்டன் இருக்கும். எங்கள் வீட்டிலும் அதே மாடல். அழுத்த அழுத்த ராகம் மாறும்.

ஆகஸ்ட் 13, புதன்

வெற்றி! வெற்றி! வெற்றி!

டைம்பாஸ் டீ குடிக்கப் போனார். நாற்காலியில் ஏறினேன், ராகத்தை மாற்றினேன், இறங்கினேன், வேதியியல் புத்தகத்தைத் திறந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன்.

அவர் வந்தார். பட்டனை அழுத்தினார்.

கிச் கிச் கிச் கீஈஈ.

ஒரு முட்டிகூட அசையவில்லை! எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். “எங்கயோ குருவி கூடு கட்டியிருக்கு” என்றார் ஊன்றுகோல்காரர். மறுபடி அழுத்தினார். கிச் கிச். “ஜோடி போல” என்றார் ரேடியோ பெரியப்பா, ரொம்ப சீரியஸாக. மூன்று அறைக் கதவுகளும் மூடியே இருந்தன. டைம்பாஸ் சுவரைப் பார்த்து, பட்டனைப் பார்த்து, கூரையைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நர்ஸ் அக்கா மருந்து ட்ரேயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அந்த ஹாலில் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கேமரா இருக்கிறதாம். மேலே. நான் ஏறிய நாற்காலிக்கு நேர் மேலே. முட்டாள்தனத்தில் டாக்டர் பட்டம் வாங்கக்கூடியவள் நான்.

எனக்கு உள்ளே வரத் தடை. அது பரவாயில்லை. வாசல் பக்கம், ஜன்னலுக்குக் கீழே ஒரு பெஞ்ச் இருக்கிறது.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மணியை எடுக்கச் சொல்லி திங்கக்கிழமை தலைமை அதிகாரிகிட்ட பேசறதா இருந்தேன். இப்ப நான் என்ன சொன்னாலும் அவங்களுக்குக் குருவிதான் கேக்கும்.”

ஆகஸ்ட் 18, திங்கள்

குருவிதான் கேட்டது. அதிகாரி சிரித்துக்கொண்டே, “உங்க பொண்ணு பெரிய வாலாமே” என்றாராம். கூட்டம் முடிந்தது. மணி அப்படியே. ராகம் மட்டும் பழையபடி ட்ரிங்.

ஆமா, நான் வாலுதான். அதுக்காக அம்மா சொல்றது பொய்யாயிடுமா? நான் மாத்தினது ஒரு சத்தம். அவங்க அடக்கினது எத்தனை பேர் வாயை! அதுக்கு யாரும் கேமரா வெக்கலையே!

ஆகஸ்ட் 20, புதன்

அம்மா பாடம் படித்தவள் இல்லை, பாடத்தையே மாற்றுகிறவள்.

பெஞ்சில் இருந்தேன். ட்ரிங். லாரி மாமா வெளியே வந்தார் — பக்கத்தில் அம்மா! மணி அடித்ததும் அவர் எழுந்தார், அம்மாவும் எழுந்துவிட்டாள். காலையிலிருந்து எல்லாருக்கும் இப்படித்தானாம், நர்ஸ் அக்கா சொன்னார். அறைக்குள் பத்து நிமிடம்தானே விதி? நடைபாதையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லையே.

சரிவுப் பாதையில் இறங்கினார்கள். பக்கத்துப் பக்கத்தில், மெதுவாக. அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தாள், ஏதோ பஸ் வருகிறதா என்று பார்ப்பவள் மாதிரி. லாரி மாமாவும் கேட்டைப் பார்த்தார். சைக்கிள் நிறுத்தத்துக்கிட்ட வந்ததும் நின்று, குனிந்து, லேஸ் கட்டினார். குனிந்தபடியே எதையோ சொன்னார்.

அவர் போட்டிருந்தது செருப்பு. அதில் லேஸ் கிடையாது.

அம்மா அப்போதும் அவரைப் பார்க்கவில்லை. அவர் நிமிர்ந்த பிறகுதான் முழங்கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் திரும்பி ரத்தம் எடுக்கிற அறைக்குள் போனார்கள்.

என்ன சொன்னார் என்று வீட்டில் கேட்டேன். “அது அவர் விஷயம்” என்றாள். அம்மா வாயிலிருந்து நோயாளி விஷயம் வராது. பூட்டு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

லாரி மாமா பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். ஆபரேஷனாம்.

செப்டம்பர் 3, புதன்

போய்ப் பார்த்தோம். அம்மா அங்கிருந்த டாக்டரிடம் பேசப் போனாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்.

“வா வாலு. ரேடியேட்டர் லீக்கு. தண்ணி சிவப்பா வந்துக்கிட்டிருந்துச்சு. வலியே இல்ல, அதான் விட்டுட்டேன். திறந்து பாத்துக் கட்டியை எடுத்திருக்காங்க.”

சிறுநீரில் ரத்தம் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவரும் சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

“உங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றது? பொம்பளை டாக்டர். அதுவும் என் தங்கச்சி வயசு.”

“அன்னிக்கே சொல்ல வந்தீங்களா மாமா? வியாழக்கிழமை?”

“கைப்பிடி வரைக்கும் வந்துட்டேன். கட்டளை வந்துருச்சு.”

கட்டளை! யார் போட்ட கட்டளை? காலிங் பெல்! வாசல்ல வர்ற பால்காரரு அடிக்கிற பெல்! இவர் எத்தனையோ பேரைக் குண்டு விழுற ரோட்டுல லாரியில ஏத்திக்கிட்டு வந்தவர். தன் உடம்பைப் பத்தி ஒரு வாக்கியம் பேச நேரம் கிடையாதா?

“பரவியிருக்கா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இன்னும் தெரியல. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லாருக்கும்னு டாக்டர் சொன்னார். எல்லா டாக்டரும் அதைச் சொல்வாங்க, விடு.”

விடமாட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

அம்மாவுக்கு மெமோ. “பணி நேரத்தில் அறையை விட்டு வெளியேறுதல்.”

வெளியேறினாளாம்! ஊர் சுற்றவா போனாள்? ஊத்திக்கிட்டுப் போற உசுரைக் கையில ஏந்தினதுக்கு இந்தப் பேரா? இனி நடந்தால் சான்றிதழ் பிரிவுக்கு மாற்றமாம். அங்கே நோயாளியே கிடையாது. வயது, உயரம், எடை, கையெழுத்து. காதுக்கு வேலையில்லாத டாக்டர்.

“என்னம்மா செய்யப் போற?”

“திங்கக்கிழமை உக்காரப் போறேன். அறையிலேயே.” குரலில் ஒன்றுமே இல்லை.

அப்பா இன்று ஜோக் அடிக்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

ட்ரிங். ட்ரிங். ட்ரிங். சாயங்காலம் முழுக்க. அம்மா வெளியே வரவே இல்லை. உள்ளே போனவர்கள் ‘எல்லாம் ஓகே’யோடு வெளியே வந்தார்கள். டைம்பாஸ் விசில் அடித்துக்கொண்டு நடந்தார்.

ரேடியோ பெரியப்பா என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். லாரி மாமாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

“அந்த மணி ஒயரை வெட்டிடட்டுமா பெரியப்பா?”

“அதுல ஒயர் எங்க இருக்கு? பேட்டரி.”

“அப்ப பேட்டரியை—”

“நீ கை வெக்காத. மாட்டினா உங்கம்மாவுக்குத்தான் அடி.” கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். “கோளாறு மணியில இல்ல. இங்க இருக்கு.”

செப்டம்பர் 9, செவ்வாய்

தலைவலி. எழுதப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

ஜன்னலுக்குக் கீழே இருந்தேன். கணக்கு வீட்டுப்பாடம்.

ட்ரிங்.

வழக்கமாக உடனே நாற்காலிகள் கிரீச்சிடும். ஒன்றுமில்லை. எழுந்து எட்டிப் பார்த்தேன்.

ஹாலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சாதாரணமாக இல்லை. சில பேர் தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்கள். ஊன்றுகோல்காரர் கண்ணை மூடியிருந்தார். ரேடியோ பெரியப்பாவின் முட்டி மட்டும் தானாக ஆடியது. பக்கத்தில் இருந்தவர் அதன்மேல் கையை வைத்தார்.

டைம்பாஸ் மறுபடியும் அழுத்தினார். மறுபடியும். யாரும் எழவில்லை.

“என்ன, மணி கேக்கலியா?”

“நல்லா கேக்குது தம்பி” என்றார் ரேடியோ பெரியப்பா. “எழுந்திருக்கலை. அவ்வளவுதான்.”

சத்தமில்லை, கோஷமில்லை. டைம்பாஸ் ஒருத்தரைத் தோளில் தொட்டு எழுப்பப் போனார். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டார். அப்புறம் அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பாவம், மணியில் அதற்கு ராகம் இல்லை.

இதெல்லாம் அம்மாவுக்கு முன்னாலேயே தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அம்மாவின் அறை ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். கதவு மூடியிருந்தது. உள்ளே அவளுக்கு எதிரில் ஒருவர், நான் பார்த்திராத ஆள், நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தும் எழாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போல. அம்மா பேனாவை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் அவர் அம்மா முகத்தைப் பார்த்தே ஆரம்பித்தார்.

“டாக்டர், அது வந்து—”

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போய்விட்டேன்.