எடுக்காத பொட்டலம்

நெடுவயல்,
19.8.2024

அன்புள்ள ரோகிணிக்கு, மதினி மீனாள் எழுதுறது.

இங்கன எல்லாரும் சொகம். உன் சொகத்தை நீயா எழுதுனாத்தான் உண்டு. ஆடிப் படையலுக்கும் வரலை, ஆவணி பொறந்தும் வரலை. திருச்சி என்ன சீமையிலயா இருக்கு? ரெண்டு பஸ் மாறுனா வீட்டு வாசல். உங்க அண்ணன் பேசலைன்னா நானுமா பேசலை? போன்ல சொல்லியிருக்கலாமேன்னு கேப்ப. இந்த வீட்டுல உன் போன் வந்தா உங்க அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டு என் கையில குடுப்பாக. குடுத்துட்டுக் காது கேக்காத மாதிரி அங்குட்டுத் திரும்பி உக்காந்துக்குவாக. அதான் கடுதாசி.

விஷயம் நம்ம கோயில் மாடு மயிலையைப் பத்தி. பங்குனியில மயிலையோட வலது கண்ணுல, மூக்கோரமா, ஒரு கொப்புளம் மாதிரி இருந்துச்சு. புல்லு குத்தியிருக்கும்னு விளக்கெண்ணெய் விட்டேன். இப்ப அது நாவப்பழம் அளவுக்குச் செவசெவன்னு வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது. ஈ அப்புது. பக்கத்துல போனா என் தோள்லயே கண்ணைத் தேய்க்குது, சீலையெல்லாம் ரத்தம். காரைக்குடி மாட்டு டாக்டர் பாத்துட்டு, இது கேன்சரும்மா, கண்ணு போகும், விட்டா உசுரும் போகும்னுட்டாரு. மாட்டுக்குமா அது வரும்னு கேட்டேன். கண்ணோரம் வெளுத்த மாட்டுக்கு வெயில் பட்டுப் பட்டு வருமாம்ல.

ஊர்ல கேட்டா சந்தனம் பூசுங்கிறாக. சாமிக்கு விட்ட மாட்டுல கத்தி வைக்க நாம யாருன்னு கேக்குறாரு ஊர்த் தலைமை அம்பலம் அழகுராஜா. அவரு வீட்டுப் பசு தும்முனா மட்டும் கார் வச்சு டாக்டரைக் கூட்டியாருவாரு.

நீ கண்ணுலதானே ஆராய்ச்சி பண்ற. முயலுக்குப் பண்றது மாட்டுக்கு ஆகுமா? மூணு வருசத்துக்கு முன்னாடி உங்க அண்ணன் உன் காலேஜுக்கு வந்து, கழுத்தைப் பெட்டியில மாட்டி உக்கார வச்சிருந்த முயலைப் பாத்துட்டு வந்தாகளே, அன்னைக்கு அவுகளுக்குச் சோறு எறங்கலை. "என் தங்கச்சி வாயில்லாச் சீவன் கண்ணுல ஊசி ஏத்துறா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாக. அதுக்கப்பறம் உன் பேரையே எடுக்கலை. இப்ப என்னடான்னா தொழுவுலயே பழியாக் கெடக்காக. ஏதாவது வழி இருந்தா எழுது.

உன் மதினி,
மீனாள்


திருச்சி,
26.8.2024

அன்புள்ள மதினி,

உங்க கடுதாசி கிடைச்சுது. மயிலையைக் கன்னுக்குட்டியாக் கோயிலுக்கு விட்ட அன்னைக்கு அது கழுத்துல மாலை போட்டது நான்தான், ஞாபகம் இருக்கா?

டாக்டர் சொன்னது சரிதான். மாட்டுக்கு மூணாவதா ஒரு இமை உண்டு, மூக்கோரமா இருக்கும். கட்டி அங்கதான் வளர்ந்திருக்கு. எங்க கால்நடைக் காலேஜ் ஆஸ்பத்திரியில இதே நோய்க்கு ஒரு சோதனை நடக்குது. கட்டியை அறுத்து எடுத்துட்டு, அந்த எடத்தைச் சுத்தி ஒரு புது மருந்தை ஊசியாப் போடுறோம். அந்த மருந்து கண்ணுக்குள்ள அழுத்தத்தைக் கூட்டுமா, பார்வை நரம்பைக் கெடுக்குமான்னு முதல்ல முயல்ல பாத்தது நான்தான். அண்ணன் அன்னைக்குப் பாத்த முயல் அதுக்கு வச்சிருந்ததுதான்.

ஒண்ணை மறைக்காமச் சொல்லிர்றேன். வர்ற மாடுகள்ல பாதிக்குத்தான் மருந்து. மீதிக்கு அறுவை மட்டும் பண்ணிட்டு, மருந்துக்குப் பதிலா உப்புத்தண்ணி ஊசி. யாருக்கு எதுங்கிறதைச் சீட்டுதான் முடிவு பண்ணும். சீட்டு ஒட்டுன உறைக்குள்ள இருக்கும். வேற ஒருத்தர் அதைப் பிரிச்சுப் பாத்து ஊசியை நெரப்பித் தருவாங்க, போடுற எனக்கே தெரியாது. அப்படிச் செஞ்சாத்தான் குணமானது மருந்தாலயா, இல்ல நம்ம ஆசைக்கு அப்படித் தோணுதான்னு தெரியும். மருந்து கிடைக்காட்டியும் அறுவையிலயே பல மாடு பொழைச்சிருக்கு.

மாட்டுக்குச் சொந்தக்காரர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். மயிலைக்குச் சொந்தக்காரர் யாரு மதினி? சாமியா, ஊரா, அண்ணனா? கேட்டு எழுதுங்க. ரொம்ப நாள் தள்ளாதீக, கட்டி காத்திருக்காது.

அன்புடன்,
ரோகிணி


நெடுவயல்,
9.9.2024

அன்புள்ள ரோகிணிக்கு,

நல்ல சேதி. மாடு வருது.

உன் கடுதாசியில இருந்ததை உங்க அண்ணன்கிட்ட வாயாலயே சொன்னேன். மறுநாள் அவுகளே ஊரைக் கூட்டிட்டாக. ரெண்டு மணி நேரம் பேசுனாக பேசுனாக, பேசிக்கிட்டே இருந்தாக. முயல்ல பண்ணதைச் சாமி மாட்டுல பண்றதான்னு ஒரு பக்கம், கண்ணு முன்னாடி அழுக விடுறதான்னு ஒரு பக்கம். கடைசியில, சொந்தக்காரன் அய்யனாருதானே, அவரையே கேட்டுருவோம், பூப் போட்டுப் பாப்போம்னு அம்பலம் சொல்லிட்டாரு.

இந்த வருசம் கோயிலுக்குப் பூக் கட்டுறது நம்ம வீட்டு முறை. அதனால நான்தான் பொட்டலம் கட்டுனேன். நந்தியாவட்டை வெள்ளை ஒரு வாழையிலைத் துண்டுல, செவ்வரளி ஒண்ணுல. வெள்ளை வந்தா அனுப்பலாம், செவப்பு வந்தா அனுப்பக் கூடாது. பூசாரி சோணையோட பேத்தி கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுத்துச்சு. பிரிச்சா வெள்ளை. நான் சேவிச்சுக்கிட்டேன். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காம ஊருணியில விட்டுறணும், பிரிச்சுப் பாத்தா சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. அதுவும் ஆச்சு.

ஊர் சார்பா உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டாக. மாட்டோட அவுகளும் வந்து அங்கனயே தங்குறாக. சண்டை போடாத, அவுகளும் போட மாட்டாக.

ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காத. நம்ம மாட்டை மருந்துப் பக்கம் சேத்துரு. சீட்டாவது கீட்டாவது. நீ நெனைச்சா முடியாதா? வீட்டு மாட்டுக்குச் செய்யாதவ யாருக்குச் செய்யப் போற?

மதினி,
மீனாள்


திருச்சி,
22.9.2024

அன்புள்ள மதினி,

வியாழக்கிழமை மயிலைக்குக் கட்டியை எடுத்தாச்சு. கண்ணு தப்பிருச்சு. ஊசியும் போட்டாச்சு. எந்த ஊசின்னு கேக்காதீக, தெரியாது.

நீங்க கேட்டதை நான் செய்யலை. உறை வச்சிருக்கிற தேவிகா என் கூடப் படிச்சவதான். கெஞ்சுனா திட்டிக்கிட்டே காட்டியிருப்பா. ஆனா ஒரு சீட்டை மாத்துனா, கடைசியில வர்ற முடிவு நெசமா பொய்யான்னு யாராலயும் சொல்ல முடியாது. இதுவரைக்கும் செத்த முயல் அம்புட்டும் வீணாச் செத்ததாயிரும். என் மேல கோவிச்சுக்கோங்க, வேற வழியில்லை.

இப்ப அண்ணன் கதை. முதல் ரெண்டு நாள் என்னைய 'டாக்டரம்மா'ன்னுதான் கூப்பிட்டாக. கூட இருந்த பிள்ளைக எல்லாம் சிரிச்சுச்சுக. மூணாம் நாள் காலையில, அந்த முயலெல்லாம் எங்கன்னு கேட்டாக. கூட்டிக்கிட்டுப் போனேன். ஒரு கூண்டு முன்னால நின்னு, இதுக்குக் கடைசியில என்ன ஆகும்னு கேட்டாக. மறைக்கலை மதினி. கண்ணை உள்ள பாக்கணும்னா அதை முடிச்சுத்தான் பாக்கணும். வலி தெரியாத ஊசி போட்டுத்தான் முடிப்போம், அதை நானே போடுவேன், வேற ஆளுக்கு விடமாட்டேன், அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காதுன்னு சொன்னேன். கூண்டுல தண்ணிப் பாட்டில் கோணலாத் தொங்குச்சு, அண்ணன் அதை நேரா மாட்டி விட்டாக. வெளிய வந்து, டீ குடிக்கிறியான்னு கேட்டாக.

டீக்கடையில, "சாமியே சரின்னு விட்டுருச்சு. உன்னைய வேணாங்க நான் யாரு?" அப்படின்னாக. மூணு வருசத்துக்கப்பறம். நான் அழுதுட்டேன், டீ ஆறிப்போச்சு.

முயலுக்கெல்லாம் கமிட்டி அனுமதி உண்டு, கையெழுத்து உண்டு, கணக்கு உண்டு. ஆனா அதுகளுக்காக யாரும் பூப் போட்டுக் கேட்டதில்லை. மயிலைக்கு மட்டும்தான் மேல இருந்து உத்தரவு வந்திருக்கு. அதை நெனைச்சுக்கிட்டுத்தான் ஊசி போட்டேன்.

அன்புடன்,
ரோகிணி


நெடுவயல்,
27.1.2025

ரோகிணிக்கு,

இதைப் படிச்சதும் கிழிச்சுப் போட்டுரு.

தை மஞ்சுவிரட்டுல மயிலையை அவுக்கலை. மாலை போட்டு, வேட்டி சுத்தி, முதல் மரியாதை மட்டும் பண்ணுனாக. மாலை போடும்போதுதான் நான் பாத்தேன், காதுக்குக் கீழ ஒரு கட்டி. எலுமிச்சம்பழம் மாதிரி கையில உருளுது. கண்ணுலயும் மறுபடி செவப்பு. தீனி எடுக்குறதில்லை. கழனித்தண்ணியை மோந்து பாத்துட்டு என்னையப் பாக்குது.

பாவம் பண்ணுனவ நான்தான். அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையைத்தான் கட்டுனேன். செவ்வரளி கையிலதான் இருந்துச்சு. வைக்க மனசு வரலை. செவப்பு வந்துட்டா அது என் கண்ணு முன்னாடி அழுகிச் சாகும், அதைச் சாமி பேரைச் சொல்லிப் பாத்துக்கிட்டு நிக்கணும். அந்தக் கோவத்துல கட்டிட்டேன். சாமியை ஏமாத்திட்டுச் சாமியையே சேவிச்சேன்.

உன்னையும் சீட்டை மாத்தச் சொன்னேன். நீ மாட்டேன்னுட்ட. நீ உன் உறைக்குப் பயந்த அளவுக்கு நான் எங்க சாமிக்குப் பயப்படலை.

எனக்கு ஒண்ணு தெரியணும். மயிலைக்குப் போட்டது மருந்தா, உப்புத்தண்ணியா? உப்புத்தண்ணின்னா அது எனக்குக் கிடைச்ச தண்டனை. ஒளிக்காம எழுது.

மீனாள்


திருச்சி,
3.2.2025

அன்புள்ள மதினி,

நோய் திரும்புன மாட்டுக்கு உறையைப் பிரிக்கலாம்னு விதி இருக்கு. நேத்துப் பிரிச்சோம். உப்புத்தண்ணி.

இப்ப அந்த மருந்தைப் போடக் கூடாதான்னு கேப்பீக. அது கண்ணைச் சுத்தித்தான் வேலை செய்யும். நோய் காதுக்குக் கீழ எறங்கிருச்சு. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து, டாக்டர்கிட்டப் பேசியிருக்கேன், வாரத்துக்கு ரெண்டு தடவை வருவாரு.

தண்டனைன்னு எழுதியிருந்தீக. மதினி, அந்த உறையெல்லாம் ஆனி மாசமே ஒட்டி வச்சது. நீங்க பூக் கட்டுனது ஆவணியில. நீங்க தப்புப் பண்றதுக்கு முன்னாடியே சாமி தண்டனையை எழுதி ஒட்டி வச்சிருந்துச்சா? அப்படிப்பட்ட சாமியா நம்ம அய்யனாரு? சீட்டு குருடு மதினி. அதுக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது.

உங்க மேல கோவப்படணும்னு பாக்குறேன், வரலை. ஆனா வருத்தம் இருக்கு. இந்த ஒரு சீவனுக்காவது உத்தரவு கிடைச்சுதுன்னு நான் நெஞ்சுல வச்சிருந்தேன். இப்ப அதுவும் முயல் மாதிரிதான், யாரும் கேக்காமப் போட்ட ஊசிதான்.

அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். சாமி விட்டுருச்சுன்னுதான் அண்ணன் என் கூடப் பேசுனாக. சாமி விடலைன்னு தெரிஞ்சா? மூணு வருசம் பட்டது போதும் மதினி, பயமா இருக்கு.

கடுதாசியைக் கிழிச்சுட்டேன்.

ரோகிணி


நெடுவயல்,
2.3.2025

ரோகிணிக்கு அண்ணன் எழுதுறது.

மயிலை வெள்ளிக்கிழமை காலையில போயிருச்சு. கொட்டு அடிச்சு, ஊரே மாலை போட்டு, கோயிலுக்குப் பின்னால அடக்கம் பண்ணுனோம். கடைசி ஒரு வாரம் வலி இல்லாமத்தான் இருந்துச்சு. அந்த ஊசிக்கு ஏற்பாடு பண்ணுனது நீதான்னு டாக்டர் சொன்னாரு. உப்புத்தண்ணிதான்னும் அவருதான் சொன்னாரு. சீட்டு அப்படி விழுந்தா யாரு என்ன செய்ய?

உன் மதினி அன்னையிலருந்து சரியாச் சாப்பிடுறதில்லை. கோயில் பக்கமே போக மாட்டேங்கிறா. ஏன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது.

எடுக்காத பொட்டலத்தை ஊருணியில விடச் சொல்லி அன்னைக்கு என் கையிலதான் குடுத்தாக. எனக்கு உள்ளுக்குள்ள கோவம், சாமி உன் பக்கம் பேசிருச்சேன்னு. செவப்பு நெசமாவே உள்ள இருக்கான்னு படித்துறையில உக்காந்து பிரிச்சுப் பாத்தேன். நீ உறையைப் பிரிக்காம இருந்தவ. உன் அண்ணன் அப்படி இல்லை. உள்ள வெள்ளை இருந்துச்சு.

அப்படியே மடிச்சுத் தண்ணியில விட்டுட்டேன். ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். மீனாள் செவ்வாய், வெள்ளி அய்யனாரைக் கும்பிடாமப் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டா. அவளே பொய் சொல்லத் துணிஞ்சுட்டான்னா, அந்த மாடு பொழைக்கணும்னு எம்புட்டு நெனைச்சிருப்பா? அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். சாமி சொன்னதுக்குப் போடலை.

டீக்கடையில சாமி விட்டுருச்சுன்னு சொன்னது பொய். மூணு வருசமாப் பேசாத தங்கச்சிகிட்டப் பேச ஒரு சாக்கு வேணும்ல.

முயல் விஷயம் எனக்கு இன்னும் ஒப்பலை. உனக்கும் ஒப்பலைன்னு அந்தக் கூண்டு முன்னாலதான் தெரிஞ்சுது. மருந்து போட்ட மாடுக என்னாச்சுன்னு முடிவு தெரிஞ்சதும் எழுது, நல்லதோ கெட்டதோ.

மதினிகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. அவளா என்னைக்காவது என்கிட்ட வந்து சொல்லுவா. புதுசாக் கேக்குற மாதிரிக் கேட்டுக்கிறேன்.

பங்குனிப் பொங்கலுக்கு வா. முந்தின நாள் போன் பண்ணு. ஸ்பீக்கர் போடலை, நானே பேசுறேன்.

உன் அண்ணன்,
சேவுகன்